ஏழாம் கேள்வி

படிக்கட்டுத் தெருவில் ரகசியம் என்று எதுவும் தங்காது. கீழே பெரிய சாலையில் ஆரம்பித்து மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கல்படிகள். இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கினால் பத்து வீட்டுக்குப் பசிக்கும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீடு விடாமல் அடுப்படி வரைக்கும் போய்வருகிற ஒரே ஆள் சிலிண்டர்காரர்தான். தபால்காரருக்குக்கூடக் கடிதம் வந்த வீட்டில்தான் வேலை. அடுப்பு இல்லாத வீடு ஏது?

காலை ஏழு மணிக்கு வேன் வந்து கீழே சிலிண்டர்களை இறக்கிவிட்டுப் போகும். அவர் ஒவ்வொன்றையும் தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார். மூடியைக் கழற்றி அதன் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு நாலாக மடித்த சாக்கை இடது தோளில் போட்டு, அதன்மேல் முப்பது கிலோவை ஏற்றிக்கொண்டு படியேறுவார். இறங்கும்போது வலது தோளில் காலிச் சிலிண்டர். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. மழை நாளில் படியெல்லாம் பாசி வழுக்கும், அப்போது செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த விடுமுறையில் நகராட்சி அலுவலகத்தில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. கடிதத்தில் ‘பொதுக் கொள்கை மற்றும் தலைமைத்துவ மாணவர் பயிற்சி’ என்று போட்டிருந்தது. சிலிண்டர்காரர் அதை மனப்பாடம் செய்து, வீடு வீடாக ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டே ஒப்பித்தார்.

“கொள்கையா? எந்தக் கட்சி?” என்று கேட்டார் ரேடியோ. அவருக்குப் படிக்குக் கீழே சைக்கிள் கடை. காலையில் காதில் விழுந்ததை மதியத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டாம் படி வரைக்கும் சேர்த்துவிடுவதால் அந்தப் பேர்.

“கட்சியெல்லாம் இல்லண்ணே. ஊருக்கு எது வேணும், எது மொதல்ல வேணும்னு எப்படி முடிவு பண்றதுன்னு சொல்லித் தர்றாங்களாம்.”

“அப்ப பொண்ணு பெரிய ஆபீசர் ஆயிடுவான்னு சொல்லு.”

“ஆறு வாரத்துலயா? இப்போதைக்கு ஃபைலுக்கு ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கா.”

ஓட்டை போடுகிற வாரம் முடிந்து உண்மையான வேலை வந்தது. ஊரில் ஏற்ற இறக்கமான தெருக்கள் மூன்று. அவற்றில் ஒன்றை மட்டும் இந்த வருடம் சரிசெய்யப் போகிறார்கள். நெடுக இரும்புக் கைப்பிடி, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார பெஞ்சு, ஓரத்தில் தள்ளுவண்டி ஏறுகிற மாதிரி சிமெண்டுச் சரிவு. எந்தத் தெருவுக்கு என்று நகரமன்றம் முடிவு செய்யும். அதற்கு முன்னால் பயிற்சிக்கு வந்த மூன்று மாணவர்களும் வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு கேள்வி கேட்டு எழுதிவர வேண்டும்.

இதை மகள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். அம்மா தையல்காரி, ஊசியும் வாயும் ஓயாதவள். அன்றைக்கு அவளே பேசாமல் வறுத்த மீனைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிமெண்டுச் சரிவு என்ற இடத்தில் சிலிண்டர்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மேஜைக்கு அடியில் கை தானாக இடது முழங்காலைத் தடவியது. அந்த முழங்கால் மூன்று வருடமாக அவரோடு பேசிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். வேறு தொழில் எதுவும் தெரியாது என்பதும் தெரியும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்று நினைத்திருந்தார்.

“நம்ம தெருவுக்கு வருமா?” என்றார்.

“எந்தத் தெருவுல கஷ்டம் அதிகமோ அதுக்குப்பா.”

“அப்ப நம்ம தெருதான். பாக்கவே வேணாம்.”

“பாக்கவே வேணாம்னா என்னை எதுக்குப்பா வெச்சிருக்காங்க?”

மறுநாள்தான் மனிதர் சொதப்பினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பெண் முதன்முதலாக ஒரு வேலையாக வாசல் வாசலாக வரப்போகிறாள், யாரும் முகத்தில் அடித்தமாதிரி பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

“அக்கா, நாளைக்கு என் பொண்ணு ஒரு ஃபாரம் கொண்டுவருவா” என்றார், நாற்பதாம் படி பூனைக்காரம்மாவிடம். ஐந்து பூனைகளும் சிலிண்டரைச் சுற்றி நின்றன. “கொஞ்சம் நல்லபடியா பதில் சொல்லுங்க.”

“மார்க் போடுவாங்களா தம்பி?”

“போடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். சர்டிபிகேட் இருக்காம்.”

“நம்ம புள்ளைக்கு நாம மார்க் குறைப்போமா? நீ கவலைப்படாம போ.”

இதையே அறுபது வீட்டில் சொன்னார். மிச்ச வீடுகளை ரேடியோ பார்த்துக்கொண்டார். ரேடியோ வாயிலிருந்து புறப்படும்போது செய்தி கொஞ்சம் சதைபோட்டிருக்கும். “குறை சொன்னா புள்ளைக்கு மார்க் போயிடுமாம்” என்று அது மேல்படியைச் சேர்ந்தது.

அந்த வாரம் முழுக்க மகள் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தாள். மேட்டுத் தெருவுக்குப் போன மாணவனுக்கு முகத்தில் கதவடைத்தார்களாம், நாய் துரத்தியதாம். இவளுக்கோ வாசலில் நாற்காலி, டீ, பிஸ்கட். ஒரு வீட்டில் முட்டை அவித்துக் கொடுத்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவின் துணி வெட்டுகிற மேஜையில் ஃபாரங்களைப் பரப்பிக் கூட்டினாள். கூட்டினவள் மறுபடி கூட்டினாள். சிலிண்டர்காரர் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு, ஜெயிச்சுட்டோமா?”

“நம்ம தெரு கடைசிப்பா.”

“கடைசின்னா?”

“கஷ்டமே இல்லாத தெரு. மேட்டுத் தெருவுல மொத்தம் இருபது படி. அங்க எம்பது பேரு கஷ்டம்னு எழுதியிருக்காங்க. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதைக்கூட எழுதியிருக்காங்க. நம்ம தெருவுல நூத்தி மூணு வீட்டுல நூறு வீடு ‘கஷ்டம் ஒன்றும் இல்லை’. பூனைக்கார அத்தை என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘படி ஏறுவது உடம்புக்கு நல்லது. பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டது.’”

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். “அவசரம் என்ன எழுதியிருக்காரு?” அவசரம் என்பவர் அந்தத் தெருவிலேயே மெதுவாக நடக்கிறவர். கீழே பத்திரிகை வாங்கிக்கொண்டு மேலே போவதற்குள் செய்தி பழசாகிவிடும்.

“ஓடியே ஏறிடுவாராம்.”

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கணவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “என்னங்க, என்ன பண்ணீங்க?”

கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி அவர் பட்டாணியைக் கீழே வைத்தார். “நல்லபடியா பதில் சொல்லுங்கன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன்.”

“எத்தனை பேர்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

மகள் ஒரு ஃபாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அது அவருடையது. ஏழாம் கேள்வி: ‘ஏறும்போது எத்தனை இடங்களில் நின்று இளைப்பாறுகிறீர்கள்?’ அதற்கு நேராக அவருடைய கோணல் எழுத்தில், ‘எங்கும் நிற்பதில்லை.’

“என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்” என்றார். “அழிச்சு வேற எழுதிடலாமா கண்ணு? நானே ஒவ்வொரு வீடா போய்...”

“முடியாதுப்பா. கையெழுத்துப் போட்ட பதில். நான் மாத்தினா அது அவங்க பதில் இல்ல, என் பதில். வெள்ளிக்கிழமை நான் எந்திரிச்சுப் படிக்கணும். பொய்யை எப்படிப் படிக்கிறது?”

“இப்ப இருக்கிறதும் பொய்தானே.”

“அதான்பா எனக்கும் புரியல” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அன்றிரவு பட்டாணி யாருக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை சிலிண்டர்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மகளோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கட்டடத்தின் சமையலறைக்கு எத்தனையோ தடவை பின்வாசலால் சிலிண்டர் கொண்டுபோயிருக்கிறார். முன்வாசலால் போனது அன்றைக்குத்தான். பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி அம்மாவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பேர் பென்சில் மேடம். கொண்டையில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும், அதைத் தேடிக்கொண்டும் இருப்பார்.

சிலிண்டர்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். “தப்பு என்னோடது மேடம். பொண்ணுக்குத் தெரியாது. அவ மார்க்கைக் குறைச்சுடாதீங்க.”

“இங்க மார்க்கே கிடையாதுங்க” என்றார் பென்சில் மேடம்.

“கிடையாதா?”

“கிடையாது.”

அவருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தார்.

மேடம் மகளைப் பார்த்தார். “நீ என்ன செய்யலாம்னு நெனைக்கிற?”

“ஃபாரத்தை அப்படியே வெக்கணும் மேடம். ஏன் அப்படி வந்துச்சுன்னும் எழுதணும். அது போக, கேக்காம எண்ணிப் பாக்கலாம். யார் யார் எத்தனை இடத்துல நிக்கறாங்கன்னு. மூணு தெருவுலயும் ஒரே மாதிரி.”

“மத்த ரெண்டு தெருவுல எண்ணினா உங்க தெரு தோத்துப் போகலாம்.”

“போகலாம் மேடம்.”

“சரி. புதன்கிழமை நானே வந்து பாக்குறேன்.”

வழியெல்லாம் சிலிண்டர்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் சைக்கிள் கடையைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போக வேண்டும். வெளுத்த சட்டை எதற்கு என்று ரேடியோ கேட்டார். இவர் சொன்னது ஒரே வாக்கியம்: “புதன்கிழமை ஆபீசர் வர்றாங்க, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி காட்டணும்ணே.”

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பென்சில் மேடம் நோட்டோடு கீழ்ப்படியில் வந்து நின்றபோது தெருவே ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருந்தது. இளவட்டங்கள்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பூனைக்காரம்மா படிக்கு ஒரு தரம் “அம்மாடி” என்றார். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஒருவர், அவரைத் தாங்கிக்கொண்டு இன்னொருவர். உண்மையிலேயே மெதுவாக நடக்கிறவர் அவசரம் ஒருவர்தான். அவரும் தன் பங்குக்கு எதுவும் செய்யாவிட்டால் நன்றாக இருக்காதே என்று, யாரிடமோ இரவல் வாங்கிய கைத்தடியோடு வந்தார். மூன்று படி வலது கையில் ஊன்றினார். பிறகு கை வலித்ததால் இடது கைக்கு மாற்றினார்.

பென்சில் மேடம் நோட்டை மூடினார்.

“போன வாரம் ஓடியே ஏறினீங்க. இந்த வாரம் எல்லாருக்கும் கால் போயிடுச்சா?”

சிலிண்டர்காரருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஏம்பா, நடிக்கச் சொன்னேனா? உள்ளபடி நடங்கன்னு சொன்னேன். போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க” என்று கத்தினார். பூனைக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உனக்காகத்தானே தம்பி” என்றார். உண்மைதானே, அவருக்காகத்தான்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நொண்டியவர்கள் எல்லாரும் ஓட்டமாக ஓடி வீட்டுக்குள் புகுந்தார்கள். அவசரமும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வேகத்துக்கு ஓடினார். மகள் தலைகுனிந்து சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. “மழை விடறவரைக்கும் எங்க வீட்டுல உக்காருங்க மேடம், தொண்ணூத்தி ஆறாம் படி” என்று குடையைப் பிடித்து மேடத்தை மேலே கூட்டிப்போனாள்.

கீழே ஒரு சிலிண்டர் பாக்கி இருந்தது. அன்றைய கடைசி நடை, நூற்றுப் பத்தாம் படி வீட்டுக்கு. எது எப்படிப் போனாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சிலிண்டர்காரர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகி, சாக்கை மடித்துத் தோளில் போட்டு ஏற ஆரம்பித்தார். பதினைந்தாம் படியில் முழங்கால் பேசியது. இறக்கினார். சிலிண்டரின் இரும்பு வளையம் கல்லில் டங் என்று தட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினார். தெருவில் ஈ காக்கை இல்லை. யாரும் பார்க்காததால் அவருக்கு வசதியாக இருந்தது. வலிக்கிற இடத்திலெல்லாம் வெட்கமில்லாமல் இறக்கி வைத்தார், சில இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சிமெண்டுச் சரிவு மேட்டுத் தெருவுக்குப் போகட்டும், பெண்ணுக்கு அவமானம் இல்லாமல் வெள்ளிக்கிழமை கழிந்தால் போதும் என்று மழையிடம் சொல்லிக்கொண்டே ஏறினார்.

தொண்ணூற்று ஆறாம் படியில், தன் வீட்டு வாசலில், டீ குடித்துவிட்டு மேலே போகலாம் என்று வழக்கம்போல இறக்கி வைத்தார். நிமிர்ந்து, மூச்சைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே நுழைந்தார். அவர் எப்போது வந்தாலும் டீ அப்போதுதான் வடிகட்டியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் ஆறிப்போன டீ குடித்ததில்லை, அது தன் யோகம் என்று நினைத்திருந்தார். இன்றும் ஆவி பறக்கிற கோப்பையை மனைவி நீட்டினாள். தையல் மெஷின் பக்கத்தில் மேடம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“இப்ப ஏறி வந்தீங்களே, எத்தனை இடத்துல நின்னீங்க?” என்றார் மேடம்.

“எங்கயும் நிக்கல மேடம். ஒரே மூச்சு.”

மூன்று பெண்களும் சிரித்தார்கள். மேடம் சிரித்த சிரிப்பில் கொண்டையிலிருந்து பென்சில் விழுந்துவிட்டது. சிலிண்டர்காரர் திருதிருவென்று விழித்தார்.

“ஒம்போதுப்பா” என்றாள் மகள். “ஒம்போது டங். மேடமே எண்ணினாங்க.”

“எந்த டங்?”

மனைவி கோப்பையை அவர் கையில் திணித்தாள். “நீங்க இறக்கி வெக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குமே. கல்யாணமான புதுசுல மொத்தம் மூணு டங். மொதல் டங்குக்கு அடுப்பைப் பத்தவெச்சா நீங்க வரும்போது டீ தயாரா இருக்கும். அப்புறம் நாலு, அஞ்சுன்னு ஆச்சு. டீ ஆறிடக் கூடாதே. நானும் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப ஆறாவது டங்குக்குத்தான் பத்தவெக்கிறேன்.”

“தெரிஞ்சே ஏன் கேக்கல?”

“கேட்டா நிக்கலன்னு சொல்லுவீங்க. ஃபாரத்துலயே அதைத்தானே எழுதியிருக்கீங்க.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. டீயை ஊதுகிற மாதிரி முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று வருடமாக இந்த வலியைத் தனியாகச் சுமந்தோம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மேடம் எழுந்தார். மகளைத் தனியாகக் கூப்பிட்டார், ஆனால் அந்த வீட்டில் தனி என்று இடம் இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது. “நாளைக்கு மூணு தெருவுலயும், சாத்தின ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து எண்ணுங்க. காலைல ஏழுலேர்ந்து. யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா உங்க அப்பாகிட்ட.”

“நான் இங்கதான் மேடம் இருக்கேன்” என்றார் சிலிண்டர்காரர்.

“அதனாலதான் சொல்றேன்.”

அன்று மாலை சைக்கிள் கடையைத் தாண்டும்போது ரேடியோ கூப்பிட்டார். சிலிண்டர்காரர் காது கேட்காதவர்போல நடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார் என்பதுதான் சரி. இருபத்திரண்டு வருடத்தில் அதுபோல ஒரு பாரத்தை அவர் சுமந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நகரமன்றத்தில் மகள் எழுந்து பேசினாள். பின்வரிசையில் அப்பாவும் அம்மாவும், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெருவும். அவள் முதலில் அந்த நூறு ஃபாரத்தைப் படித்தாள், பெண் மரியாதையாகக் கேட்டது என்பது உட்பட. பிறகு ஏன் அப்படி வந்தது என்று சொன்னாள். “எங்க தெருவுல கேள்வி கேட்டா, கேக்குறவங்களுக்கு எது நல்லதோ அதைத்தான் சொல்லுவாங்க. அது எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும். நானும் அந்தத் தெருதான்.” பிறகு ஜன்னலுக்குப் பின்னால் எண்ணியதைச் சொன்னாள். மேட்டுத் தெருவில் ஒருவர் சராசரியாக ஒரு தடவை நிற்கிறார். இன்னொரு தெருவில் இரண்டு. படிக்கட்டுத் தெருவில் ஐந்து. கடைசியாக, ஒரு வீட்டில் இருபத்திரண்டு வருடமாக டீ வைக்கிற நேரம் எப்படித் தள்ளிப்போனது என்று சொன்னாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. பின்வரிசை மொத்தமும் சிலிண்டர்காரரைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் கை தூக்கச் சொன்னார். உறுப்பினர்களோடு சேர்ந்து அவசரமும் மெதுவாகக் கையைத் தூக்கினார், அவருக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி இறக்கவைத்தார்கள்.

மழைக்காலம் பிறப்பதற்குள் படிக்கட்டுத் தெருவில் வேலை முடிந்தது. ரேடியோ பழைய சைக்கிள் சக்கரம் இரண்டைப் போட்டு ஒரு தள்ளுவண்டி செய்து கொடுத்தார், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வந்தார். முதல் நாள் கடைசி நடையில் சிலிண்டர்காரர் வண்டியைச் சரிவில் தள்ளிக்கொண்டு ஒரே மூச்சில், இந்தத் தடவை நிஜமாகவே ஒரே மூச்சில், தொண்ணூற்று ஆறாம் படிக்கு வந்து நின்றார்.

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு சும்மா இருந்தது.

“டீ?”

“பூனை மாதிரி சத்தமில்லாம வந்து நின்னா நான் எப்படி டீ வெக்கிறது?”

அவர் கால்மணி நேரம் காத்திருந்து குடித்தார். அவருடைய வாழ்க்கையில் டீக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பாதி வழியில், புது பெஞ்சுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி, கல்படியில் ஒரு தரம் நன்றாகக் கேட்கும்படி வைத்தார். டங்.

மேலே ஜன்னல் திறந்தது. மகளின் தலை தெரிந்தது.

“ஒண்ணுப்பா” என்றாள். “அம்மா அடுப்பைப் பத்தவெச்சுட்டாங்க.”